நினைவுக்குறிப்பில் இல்லாத நிக்ஸன்

2025 மார்ச் 15 அன்று ஏமனில் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசின. எப்போது அடிப்பது, எதைக் கொண்டு அடிப்பது என்று அமெரிக்காவின் அமைச்சர்களும் உளவுத் துறைத் தலைவரும் சிக்னல் என்கிற கைப்பேசிச் செயலியில் பேசிக்கொண்டிருந்தார்கள். தி அட்லான்டிக் இதழின் ஆசிரியரையும் தெரியாமல் அந்தக் குழுவில் சேர்த்துவிட்டதால் குட்டு வெளிப்பட்டது. பத்திரிகைக்காரர் எப்படி உள்ளே வந்தார் என்று உலகம் சிரித்தது. சிரிக்க முடியாத சங்கதி வேறு. அந்தக் குழுவில் இட்ட செய்திகளில் சில ஒரு வாரத்திலும், மற்றவை நான்கு வாரத்திலும் தாமாக அழிந்துபோகும்படி வைக்கப்பட்டிருந்தன.

எஞ்சியதைக் காப்பாற்றி வைக்கும்படி வாஷிங்டன் நீதிபதி ஒருவர் மார்ச் 27 அன்று உத்தரவிட்டார். சிஐஏ தலைவரின் கணக்கைத் துழாவியபோது குழுவின் பெயர் போன்ற சில்லறை விவரங்களே கிடைத்தன, பேசிய பேச்சைக் காணோம் என்று அந்த அமைப்பே பிறகு நீதிமன்றத்தில் சொன்னது.

இதற்கு ஒரு மாதம் முன்புதான், பிப்ரவரியில், தேசிய ஆவணக் காப்பகத்தின் தலைவர் கொலீன் ஷோகனை அதிபர் டிரம்ப் பதவியிலிருந்து நீக்கியிருந்தார். தனக்குக் காரணம் எதுவும் சொல்லப்படவில்லை என்றார் ஷோகன். வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோவே காப்பகத்தின் தற்காலிகப் பொறுப்பையும் ஏற்றார். அந்தச் சிக்னல் குழுவில் ரூபியோவும் ஒருவர். ஆக, அழிந்துபோன செய்திகளுக்குக் கணக்குக் கேட்க வேண்டிய காவலரும், அந்த அரட்டையில் உட்கார்ந்திருந்தவரும் ஒரே ஆள்.

இது டிரம்ப் காலத்து நோய் மட்டும் என்று நினைத்தால் தவறு. ரீகன் பதவியை விட்டு இறங்கும் தறுவாயில் வெள்ளை மாளிகையின் மின்னஞ்சல் நாடாக்களை அழிக்கப் பார்த்தார்கள். 1989 ஜனவரியில் நீதிமன்றம் போய்த்தான் தடுக்க வேண்டியிருந்தது. ஜார்ஜ் புஷ் இளையவரின் காலத்தில் தொலைந்துபோன 2.2 கோடி மின்னஞ்சல்கள் 2009-இல் மீட்கப்பட்டன. வெளியுறவு அமைச்சராக இருந்த ஹிலாரி கிளிண்டன் சொந்த சர்வரில் அரசாங்க அஞ்சலை நடத்தினார். துணை அதிபராக இருந்த நாட்களின் ரகசியத் தாள்கள் பைடனின் வீட்டு கராஜில் கிடந்தன.

பெட்டி பெட்டியாகத் தாள்களைப் பூட்டி வைப்பதும் விடுவதும் அமெரிக்கர்களின் உள்வீட்டு விவகாரம், நமக்கென்ன என்று தோன்றலாம். ஓர் ஆட்சியை எடுத்துக்கொண்டு பார்ப்போம். ரிச்சர்ட் நிக்ஸன், 1969 முதல் 1974 வரை.

ஒலிநாடா வைத்தது யாருக்காக?

தனக்கு முன்னிருந்த லிண்டன் ஜான்சன் வைத்திருந்த ஒலிப்பதிவுக் கருவிகளை, பதவிக்கு வந்ததும் நிக்ஸன் கழற்றி எறியச் சொன்னார். இரண்டு வருடம் கழித்து, 1971 பிப்ரவரியில், தாமே புதிதாகப் பொருத்தினார். பிற்காலத்தில் தன் வரலாற்றைத் தானே எழுத உதவும் என்பது எண்ணம். பொத்தானை அழுத்தி இயக்கும் சாமர்த்தியம் அவருக்குப் போதாது என்று உதவியாளர்கள் கருதியதால், யாராவது பேசினாலே ஓடத் தொடங்கும் கருவியாகப் பார்த்து வைத்தார்கள். மனிதரின் கைப்பழக்கக் குறைவுக்கு வரலாற்றாசிரியர்கள் நன்றி சொல்ல வேண்டும். எதைப் பதிவது, எதை விடுவது என்று அவர் தேர்ந்தெடுத்திருந்தால் நமக்குப் பாதிகூடக் கிடைத்திருக்காது.

1973 ஜூலை வரை சுமார் 3,700 மணி நேரப் பேச்சு அப்படிச் சேர்ந்தது. அந்த மாதம் 16-ஆம் தேதி அலெக்சாண்டர் பட்டர்ஃபீல்ட் என்ற முன்னாள் உதவியாளர் செனட் விசாரணையில் உண்மையைச் சொல்லும்வரை, கூடவே இருந்த அமைச்சர்களில் பெரும்பாலோருக்கே இது தெரியாது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் 8-0 என்று தீர்ப்பளித்து நாடாக்களை வாங்கியது. வாட்டர்கேட் விசாரணையை முடக்க அவர் சொன்ன யோசனை அதில் இருந்தது. சில நாட்களில் பதவி போனது.

வாட்டர்கேட் கதை எல்லாருக்கும் தெரியும். நாடாக்களில் அதைவிட அதிகமாக இருப்பது அன்றாட ஆட்சி. பதவி இழந்த நிக்ஸன் 1978-இல் தடிமனான நினைவுக்குறிப்பு ஒன்றை வெளியிட்டார். அடுத்த ஆண்டே அவருடைய தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஹென்றி கிஸிஞ்சரின் நினைவுக்குறிப்பில் முதல் தொகுதி வந்தது. இரண்டும் சாமர்த்தியமாக எழுதப்பட்டவை. சீனப் பயணம், மாஸ்கோ ஒப்பந்தம், பாரிஸ் உடன்பாடு என்று உலகத்தைத் திருப்பிப் போட்ட இருவரின் சொல் என்பதால் மதிப்பும் உண்டு. ஆனால் நினைவுக்குறிப்பு என்பது குற்றம் சாட்டப்பட்டவரே தனக்காக வாதாடுவது. சாட்சியம் வேறிடத்தில் இருக்கிறது.

1971: நம் பக்கத்துக் கதை

அந்த ஆண்டு மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ராணுவம் கிழக்கு வங்கத்தில் கொலைவெறி ஆட்டத்தைத் தொடங்கியது. டாக்காவில் அமெரிக்கத் துணைத் தூதரகத் தலைவராக இருந்த ஆர்ச்சர் பிளட், தன் அரசு வாய்மூடி இருப்பதைக் கண்டித்து ஏப்ரல் 6 அன்று ஒரு தந்தி அனுப்பினார். கீழே கையெழுத்திட்டிருந்தவர்கள் 20 அமெரிக்க அதிகாரிகள். சொந்த அரசின் கொள்கையை இவ்வளவு காட்டமாக எதிர்த்து, அதுவும் பணியில் இருக்கும்போதே எழுதிய தந்தி அந்நாட்டு வெளியுறவுத் துறையில் அபூர்வம். கொஞ்ச நாளில் பிளட்டை அங்கிருந்து மாற்றிவிட்டார்கள்.

அதே ஏப்ரல் 28 அன்று கிஸிஞ்சர் அனுப்பிய குறிப்பின் அடியில் நிக்ஸன் தன் கையால் எழுதியது இன்றும் இருக்கிறது: யாஹ்யா கானை இப்போது நெருக்க வேண்டாம். வேண்டாம் என்பதற்குக் கீழே மூன்று கோடு. காரணமும் இப்போது எல்லாருக்கும் தெரியும். பீகிங்குக்கு ரகசியப் பாலம் போட்டுக்கொடுத்தவர் பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா. ஜூலையில் கிஸிஞ்சர் பாகிஸ்தானில் வயிற்றுவலி என்று சொல்லி மறைந்து சீனத்துக்குப் பறந்ததும் அந்தப் பாலத்தின் வழியேதான். அகதிகள் கோடியைத் தொட்டுக்கொண்டிருந்தபோது டாக்காவைப் பற்றிய தந்திகள் அங்கே எடுபடாமல் போனதற்கு இதுவே காரணம்.

நவம்பரில் இந்திரா காந்தி வாஷிங்டன் போனார். தன்னோடு பேசிக்கொண்டிருந்தபோதே அவருடைய தளபதிகள் படையெடுக்கத் திட்டமிட்டதைப் பின்னால் அறிந்துகொண்டேன் என்ற பொருளில் நிக்ஸன் தன் புத்தகத்தில் எழுதினார். ஏமாற்றப்பட்ட பெருந்தன்மையாளரின் குரல் அது. நாடாவில் கேட்கும் குரல் வேறு. முதல் நாள் சந்திப்பு முடிந்து மறுநாள் காலை, அடுத்த சந்திப்புக்கு முன்பு, அவரும் கிஸிஞ்சரும் இந்தியப் பிரதமரைப் பற்றியும் இந்தியர்களைப் பற்றியும் பேசிய வசைகள் நாளிதழில் அச்சிடத் தகாதவை. 2005-இல் அமெரிக்க வெளியுறவுத் துறையே தன் அதிகாரபூர்வ வரலாற்றுத் தொகுப்பில் அவற்றை வெளியிட்டது. கிஸிஞ்சர் இந்தியத் தொலைக்காட்சி ஒன்றில் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

வசவு போகட்டும். பெரிய மனிதர்களும் அறைக்குள் கெட்ட வார்த்தை பேசுவார்கள். முக்கியமானது வேறு: ஜோர்டான் வழியாகவும் ஈரான் வழியாகவும் பாகிஸ்தானுக்குப் போர் விமானம் கொடுப்பது அமெரிக்கச் சட்டப்படி தவறு என்று அவர்களுடைய வழக்கறிஞர்களே எச்சரித்திருந்தார்கள். தெரிந்தே அந்த வழியை முன்தள்ளியது பதிவில் இருக்கிறது. டிசம்பர் 10 அன்று நியூயார்க்கில் சீனத் தூதரைச் சந்தித்த கிஸிஞ்சர், இந்திய எல்லையில் சீனா படை நகர்த்தினால் அமெரிக்கா குறுக்கே நிற்காது என்று உணர்த்தியதும் இருக்கிறது. ஏழாவது கடற்படையின் எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பலை வங்காள விரிகுடாவுக்குள் அனுப்பியபோது அமெரிக்கக் குடிமக்களை மீட்கப் போகிறோம் என்றார்கள். உள்ளே அதை அச்சுறுத்தலாகத்தான் கணக்குப் போட்டார்கள்.

'ஏழாவது கடற்படை வருகிறது' என்று வானொலியைச் சுற்றி உட்கார்ந்து கேட்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அன்று வங்கக் கடலோரத்து மக்கள் எந்த அளவு ஆபத்தின் விளிம்பில் இருந்தார்கள் என்பதை அவர்கள் தெரிந்துகொள்ள 34 ஆண்டு ஆனது. அதுவும் அந்த நாடாக்கள் எரிக்கப்படாமல் இருந்ததால்.

எச்சரிக்கை ஒன்றும் சொல்ல வேண்டும். நாடாவில் இருப்பதெல்லாம் வேதமல்ல. நிக்ஸன் வாய்ச்சவடால் பேர்வழி. அந்த அறையில் அவர் போட்ட உத்தரவுகள் பலவற்றை உதவியாளர்கள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை, மறுநாள் அவரே மறந்துவிடுவார் என்று தெரியும். அதனால்தான் நாடாவோடு தாளும் வேண்டும். சொன்னது நாடாவிலும் செய்தது தாளிலும் இருக்கும்.

கம்போடிய வயல்களில்

தாள் பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு அதே ஆட்சியில் ஒரு கொடுமையான எடுத்துக்காட்டு உண்டு.

1969 மார்ச்சில் கம்போடியா மீது ரகசியமாக பி-52 குண்டுவீச்சு தொடங்கியது. அது நடுநிலை நாடு. அமெரிக்க நாடாளுமன்றத்துக்குச் சொல்லவில்லை. காலை உணவு, மதிய உணவு, இரவு உணவு என்று ஒவ்வொரு இலக்குக்கும் ஒரு பெயர் வைத்து, மொத்தத்துக்கும் 'மெனு' என்று பெயர் சூட்டினார்கள். இப்படிப் பெயர் வைத்தவரின் மனம் எப்படிப்பட்டதோ தெரியவில்லை. பதினான்கு மாதம் நடந்தது.

மறைத்த விதம் எளிது. விமானங்கள் தென் வியட்நாமில் குண்டு போட்டதாக ஒரு கணக்கு. உண்மை இலக்குக்கு ஒரு ரகசியக் கணக்கு. பியென் ஹோவா ராடார் நிலையத்தில் பணியாற்றிய ஹால் நைட் என்ற விமானப்படை மேஜரின் வேலை, உண்மையான இலக்குத் தாள்களை விடிந்ததும் எரித்துவிட்டு, பொய்யான இடங்களை வழக்கமான அறிக்கையில் எழுதி அனுப்புவது. பணியிலிருந்து விலகிய பிறகு அவர் ஒரு செனட்டருக்குக் கடிதம் எழுதினார். 1973 ஜூலையில் செனட் குழுவின் முன் சாட்சி சொன்னார்.

இது வெறும் நிர்வாக முறைகேடு என்று விட்டுவிட முடியாது. 2000-இல் கிளிண்டன் வியட்நாமுக்குப் போனபோது, போர்க்காலக் குண்டுவீச்சுத் தரவுகளை இந்தோசீன நாடுகளுக்குக் கொடுத்தார். எந்த வயலில், எந்த நாளில், எத்தனை டன் விழுந்தது என்ற விவரம். வெடிக்காமல் மண்ணில் புதைந்து கிடக்கும் குண்டுகளைத் தேடி அகற்றுபவர்களுக்கு அது கையில் கிடைத்த வரைபடம். கம்போடியாவிலும் லாவோஸிலும் அந்தக் குண்டுகள் இன்றும் ஏர் ஓட்டுபவனின் காலையும், இரும்பு பொறுக்கும் சிறுவனின் கையையும் பறிக்கின்றன. பழைய கோப்பில் ஓர் எண் சரியாக எழுதப்பட்டதா, திருத்தப்பட்டதா, எரிக்கப்பட்டதா என்பது ஐம்பது ஆண்டு கழித்து ஒரு குடியானவன் நடந்து வீடு திரும்புவானா என்பதைத் தீர்மானிக்கும்.

வேலையில்லாதோர் கணக்கும் ஒரு பட்டியலும்

உள்நாட்டுக் கொள்கையிலும் இந்த இரட்டை முகம் உண்டு. இன்றைக்கு நிக்ஸனுக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் முதலில் எடுப்பது சுற்றுச்சூழலைத்தான். 1970-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையை நிறுவியவர் அவர். தூய காற்றுச் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவரே. உண்மை. ஆனால் 1971 ஏப்ரலில் ஃபோர்டு கார் நிறுவனத்தின் ஹென்றி ஃபோர்டும் லீ அயகோக்காவும் வந்து பாதுகாப்பு விதிகளைத் தள்ளிப்போடக் கேட்டபோது, இந்தச் சுற்றுச்சூழல்காரர்கள் நம்மை விலங்குகளைப்போல வாழச் சொல்கிறார்கள் என்ற தோரணையில் அவர் பேசியது நாடாவில் இருக்கிறது. 1972-இல் தூய நீர்ச் சட்டத்தை அவர் நிராகரித்ததும், நாடாளுமன்றம் அந்த நிராகரிப்பைத் தூக்கி எறிந்து சட்டமாக்கியதும் தனிக் கதை. நல்ல சட்டங்கள் வந்தன; மனம் கனிந்து வந்தவை அல்ல, தெருவில் இறங்கிய மக்களுக்குப் பயந்து வந்தவை. இந்த வேறுபாடு நினைவுக்குறிப்பில் கிடைக்காது.

இதைவிட இன்றைக்குப் பொருந்துவது இன்னொன்று. 1971 கோடையில் வேலையின்மை பற்றித் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் வெளியிட்ட விளக்கம் நிக்ஸனுக்குப் பிடிக்கவில்லை. அங்கே யூதர்கள் கூட்டம் தனக்கெதிராக வேலை செய்கிறது என்று அவருக்குச் சந்தேகம். எண்ணிச் சொல் என்றார். ஃபிரெட் மாலெக் என்ற உதவியாளர் எண்ணிப் பார்த்து, 35 பேரில் 13 பேர் என்று குறிப்பு எழுதிக் கொடுத்தார். அலுவலகத்தில் பதவிகள் மாற்றியமைக்கப்பட்டன. 1988-இல் அந்தக் குறிப்பு செய்தித்தாளில் வந்தது. குடியரசுக் கட்சியில் மாலெக் அப்போது வகித்த பொறுப்பை விட்டு விலக வேண்டியதாயிற்று.

2025 ஆகஸ்ட் 1 அன்று அதே அலுவலகத்தின் தலைவர் எரிகா மெக்கன்டார்ஃபரை, வேலைவாய்ப்பு எண்கள் குறைவாக வந்த சில மணி நேரத்தில், டிரம்ப் பதவி நீக்கினார். எண்கள் தன்னைக் கெடுப்பதற்காகத் திரிக்கப்பட்டவை என்றார், ஆதாரம் காட்டவில்லை. வட்டி விகிதம் முதல் சம்பள உயர்வு வரை அந்த எண்களை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனம் அடுத்த காலாண்டில் ஆள் எடுக்குமா என்பதுகூட அதைப் பொறுத்தது. அந்த நீக்கத்துக்கு முன் வெள்ளை மாளிகையில் யார் என்ன பேசினார்கள் என்பதை நாம் என்றாவது அறிவோமா? 1971-க்கு ஒரு தாள் இருந்தது. 2025-க்கு என்ன இருக்கும்?

தாள்கள் எப்படிப் பிழைத்தன

அமெரிக்காவில் 1970-கள் வரை அதிபரின் கோப்புகள் அவருடைய சொந்தச் சொத்து. முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் தன் தாள்களை மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனதிலிருந்து வந்த வழக்கம். லிங்கனின் தாள்களை அவர் மகன் பூட்டி வைத்து, பொதுமக்கள் பார்க்க 1947 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஹார்டிங்கின் மனைவி பலவற்றைத் தீயில் போட்டார்.

நிக்ஸனும் அதே வழக்கத்தை நம்பினார். 1974 செப்டம்பரில், அடுத்து அதிபரான ஜெரால்ட் ஃபோர்டு அவருக்குப் பொதுமன்னிப்பு அளித்த அதே நாளில் இன்னொரு உடன்பாடும் அறிவிக்கப்பட்டது. அதன்படி சில ஆண்டுகளில் நாடாக்களை அழித்துவிட நிக்ஸன் உத்தரவிடலாம். அவர் இறந்தால் கட்டாயம் அழிக்க வேண்டும். மன்னிப்பைப் பற்றி நாடே கொதித்த சத்தத்தில் இது அமுங்கிப் போயிருக்கும். நாடாளுமன்றம் விழித்துக்கொண்டது. டிசம்பரில் தனிச்சட்டம் போட்டு 4.2 கோடிப் பக்கத் தாள்களையும் நாடாக்களையும் அரசாங்கத்தின் கையில் கொண்டுவந்தது. நிக்ஸன் வழக்குப் போட்டு 1977-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். 1978-இல் அதிபர் ஆவணச் சட்டம் பிறந்தது: ரீகன் தொடங்கி எல்லா அதிபர்களின் கோப்பும் மக்களின் சொத்து.

அதற்குப் பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. நாடாக்களை வெளியிடுவதை 1994-இல் சாகும்வரை வழக்குகளால் இழுத்தடித்தார். ஸ்டான்லி கட்லர் என்ற வரலாற்றாசிரியர் எதிர் வழக்காடி 1996-இல் வென்றெடுத்த உடன்பாட்டால்தான் வெள்ளம்போல் வெளியே வந்தன. கடைசிப் பெரிய தொகுதி 2013-இல். அரசாங்கம் எடுத்துக்கொண்ட சொத்துக்கு ஈடாக நிக்ஸன் குடும்பத்துக்கு 2000-இல் 1.8 கோடி டாலர் கொடுக்கப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. கலிஃபோர்னியாவில் அவர் பிறந்த ஊரில் தனியார் அறக்கட்டளை நடத்திய நூலகத்தில் வாட்டர்கேட் என்பது எதிரிகளின் சதியாகவே காட்சிக்கு இருந்தது. 2007-இல் அரசுக் காப்பகம் ஏற்ற பின், 2011-இல்தான் அந்தக் கூடம் திருத்தப்பட்டது.

சட்டத்தின் ஓட்டை

இவ்வளவு போராடிப் பெற்ற 1978 சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை. எது ஆவணம், எது சொந்தத் தாள் என்று பதவியில் இருக்கும்போது தீர்மானிப்பவர் அதிபரே. எதையாவது அழிக்க நினைத்தால் காப்பகத் தலைவரின் கருத்தைக் கேட்க வேண்டும். அவர் ஆட்சேபித்து நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்கலாம், கொஞ்ச காலம் தாமதப்படுத்தலாம், தடுக்க முடியாது. சட்டத்தை மீறினால் அந்தச் சட்டத்துக்குள் தண்டனையும் கிடையாது. அதிபர் அன்றாடம் சட்டத்தைப் பின்பற்றுகிறாரா என்று நாங்கள் ஆராய முடியாது என்று 1991-இலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

விளைவைப் பார்த்தோம். டிரம்பின் முதல் ஆட்சியிலிருந்து காப்பகத்துக்கு வந்த தாள்களில் சில கிழிக்கப்பட்டு, ஊழியர்கள் டேப் போட்டு ஒட்டியவை என்று காப்பகமே 2022-இல் ஒப்புக்கொண்டது. 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்ட நேரத்தில் வெள்ளை மாளிகைத் தொலைபேசிப் பதிவேட்டில் ஏழு மணி நேரம் 37 நிமிடத்துக்கு ஒரு அழைப்பும் இல்லை. நிக்ஸன் நாடாவில் அழிந்திருந்த பதினெட்டரை நிமிடத்துக்கு அமெரிக்காவே கொந்தளித்தது. ஏழு மணி நேரம் ஒரு வாரச் செய்தியாகப் போய்விட்டது.

என்ன செய்யலாம்?

முதல் வேலை காப்பகத் தலைவரின் நாற்காலியைக் காப்பது. இன்றைய சட்டப்படி அதிபர் அவரை நீக்கிவிட்டு நாடாளுமன்றத்துக்குக் காரணம் சொன்னால் போதும். அரசாங்கக் கணக்கைத் தணிக்கை செய்யும் தலைமைக் கணக்காயருக்கு அங்கே 15 ஆண்டுப் பதவிக்காலம் உண்டு. அதிபர் நினைத்தபடி அவரை அசைக்க முடியாது. காப்பகத் தலைவருக்கும் பத்தாண்டாவது நிலையான காலம் வேண்டும். எந்த அமைச்சரும் அந்தப் பொறுப்பைக் கூடுதலாக வகிக்கக் கூடாது என்று ஒரே வரியில் சட்டத் திருத்தம் செய்யலாம்.

இரண்டாவது, கைப்பேசி. சொந்தக் கணக்கில் அரசாங்க விஷயம் பேசினால் 20 நாளுக்குள் அதிகாரபூர்வக் கணக்குக்கு நகல் அனுப்ப வேண்டும் என்று 2014-இல் விதி செய்தார்கள். தானாக அழியும் செயலி வந்த பிறகு இருபது நாள் என்பது கேலிக்கூத்து. அதிகாரிகளின் சாதனங்களிலிருந்து செய்தி அனுப்பும் நொடியிலேயே நகல் காப்பகத்துக்குப் போகும்படி ஏற்பாடு வேண்டும். வங்கிகளும் பங்குத் தரகர்களும் அப்படிச் சேமிக்க வேண்டும் என்று அமெரிக்க அரசே விதி வைத்திருக்கிறது. சிக்னல், வாட்ஸ்ஆப் பேச்சைச் சேமிக்காத வங்கிகளுக்குக் கோடிக் கணக்கில் அபராதமும் போட்டிருக்கிறது. தரகருக்கு உள்ள கட்டுப்பாடு போர் தொடுப்பவருக்கு இல்லாதது என்ன நியாயம்?

மூன்றாவது, வழக்குப் போடும் உரிமை. கட்லர் போன்ற தனிமனிதர்களும் சிறு அமைப்புகளும் நீதிமன்றம் போனதால்தான் நாம் இத்தனையும் அறிந்தோம். சட்டம் மீறப்படுகிறது என்று தெரிந்தால் பதவிக்காலத்திலேயே வழக்குத் தொடரும் உரிமையை நாடாளுமன்றம் எழுத்தில் தர வேண்டும். ரகசிய நீக்கத்துக்கு வரிசையில் கிடக்கும் தாள்களைப் பார்க்க ஆளும் பணமும் ஒதுக்காமல் இவை எதுவும் பலிக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் பங்கும் உண்டு. 1993-இல் இயற்றிய பொது ஆவணச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. அதில் மீறுபவருக்கு ஐந்தாண்டுச் சிறை வரை தண்டனைகூட இருக்கிறது. எழுத்தில் அமெரிக்கச் சட்டத்தைவிட நம்முடையது கண்டிப்பானது. நடப்பில், 1971 போரைப் பற்றி எழுதும் இந்திய வரலாற்றாசிரியர் முதலில் புரட்டுவது வாஷிங்டன் வெளியிட்ட தொகுதியை. பிரதமரின் செயலராக இருந்த பி.என். ஹக்ஸர் தன் தாள்களை டெல்லி நேரு நினைவு நூலகத்துக்குக் கொடுத்ததால் நம் தரப்பும் ஓரளவு பதிவானது. ஒரு தனிமனிதரின் பெருந்தன்மையை நம்பி ஒரு நாட்டின் நினைவு நிற்கக் கூடாது. 1962 சீனப் போரின் ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கை இன்னும் பூட்டிலேயே இருக்கிறது. அதைத் திறப்பதிலிருந்து தொடங்கலாம்.

நம் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகள் இன்றே செய்யக்கூடிய வேலையும் ஒன்று உண்டு. 2005 தொகுதி இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. அதில் வரும் ஒவ்வொரு தந்திக்கும், சந்திப்புக்கும் டெல்லியில் எதிர்க்கோப்பு ஒன்று இருந்தாக வேண்டும். முதுகலை மாணவர்களை அந்தப் பட்டியலைத் தயாரிக்கச் சொல்லுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் 8(3) பிரிவு, 20 ஆண்டைக் கடந்த தகவலுக்குப் பெரும்பாலான விலக்குகளை எடுத்துவிடுகிறது. நாட்டுப் பாதுகாப்பு, அயலுறவு போன்ற சிலவே மிஞ்சுகின்றன. கோப்பு எண் தெரியாவிட்டாலும் தேதியும் பொருளும் குறிப்பிட்டு வெளியுறவு அமைச்சகத்துக்கு விண்ணப்பம் போடலாம். கட்டணம் 10 ரூபாய். மறுத்தால் எந்த விலக்கின் கீழ் மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் தர வேண்டும். அதை வைத்து மேல்முறையீடு செய்யலாம்.